நாலாவது சரக்கு

1

நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு இந்தக் கோடையில் நூறு வயது முடிகிறது. எனக்கு வருகிற தையில் அறுபது. கம்பெனிக்குப் புத்தகம் போடுகிறார்கள், விருந்து வைக்கிறார்கள், எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ரைன் நதியில் படகு விடப்போகிறார்களாம். எனக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடத்தியே தீருவது என்று என் மனைவி சரோஜா ஒற்றைக் காலில் நிற்கிறாள். இரண்டுமே வேண்டாம் என்றுதான் எனக்கு இருக்கிறது. என்னை யார் கேட்டார்கள்?

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். 'நம்ம தங்கராசு ஜெர்மனியில கெமிக்கல் கம்பெனியில பெரிய ஆளு' என்று கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. பெரிய ஆளும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் லாரி கழுவுகிறேன். ரசாயனத் திரவங்களையும், மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றுகிற தூள், மணி வகைகளையும் ஓர் ஆலையிலிருந்து இன்னோர் ஆலைக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். சரக்கை இறக்கிவிட்டு வரும் டேங்கரை அடுத்த சரக்குக்கு முன்னால் கழுவ வேண்டும். மேலே ஏறி மூடியைத் திறந்து, சுழலும் குழாய்த்தலையை உள்ளே இறக்கி, கொதிக்கிற தண்ணீர், அழுக்கைக் கரைக்கும் காரக் கரைசல், நீராவி, சுடுகாற்று என்று வரிசையாக விட்டு, கடைசியில் விளக்கை இறக்கிப் பார்த்து, 'சுத்தம்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவேன். முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. என் கையெழுத்து இல்லாமல் எந்த ஆலையும் அந்த வண்டியை வாசலுக்குள் விடாது.

டேங்கர் வந்து நின்றதும் டிரைவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, 'முந்தைய மூன்று சரக்கு என்ன?' என்பதுதான். கடைசியாக ஏற்றியது பசையா, அமிலமா, சோப்பு ஆலைக்குப் போன எண்ணெயா? அதற்கு முந்தி என்ன? அதற்கும் முந்தி? மூன்றையும் தாளில் எழுதியாக வேண்டும். நாலாவதை யாரும் கேட்பதில்லை. மூன்று முறை கழுவிவிட்டால் அதற்கு முன்னால் ஏற்றியது எதுவாக இருந்தாலும் போயிருக்கும் என்று இவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். கப்பல், கழுவுமிடம், குடும்பம் என்று என்னுடைய மூன்று சரக்கையும் யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன். நாலாவதைக் கேட்காத நாட்டில் வந்து குடியேறியதே அதற்காகத்தானோ என்று சில நாள் தோன்றும்.

2

நூறாண்டுப் புத்தகத்தை எழுதும் வேலை என் மகள் கயல்விழிக்குக் கிடைத்தது. சரித்திரம் படித்தவள். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் தனியாக இருக்கிறாள். கம்பெனி கூப்பிட்டபோது, 'அப்பா வேலை பார்க்கும் இடம்' என்று ஆசையாக ஒத்துக்கொண்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். வருமுன் போன் போட்டு, 'வரலாமா? தொந்தரவு இல்லையே?' என்று கேட்பாள். பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வர அனுமதி கேட்கிற பிள்ளையை நான் இங்கேதான் பார்த்தேன். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டோம். உயிரெழுத்து முடிந்ததும் நீச்சல் வகுப்புக்குப் போய்விட்டாள். 'எழுத்துதானே, பிறகு படித்துக்கொள்ளலாம்' என்று சரோஜாவைச் சமாதானப்படுத்தியவன் நான்தான். யாரைக் குறை சொல்வது?

கம்பெனியின் கதையைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லுவாள். இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவரிடம் இரண்டு குதிரையும் ஒரு வண்டியும்தான் இருந்ததாம். ஆற்றுப் படகுத்துறையில் வந்து இறங்கும் அமிலத்தைச் சாய ஆலைக்கு அவர் ஏற்றிப் போயிருக்கிறார். பெரிய பெரிய கண்ணாடிக் குடுவை, உடையாமல் இருக்கச் சுற்றிலும் வைக்கோல் அடைத்த கூடை.

"வைக்கோலா? அட, அப்ப நம்ம ஊரு வண்டிக்காரன் மாதிரிதான்னு சொல்லு" என்றாள் சரோஜா. அவளுக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போயிற்று.

மகன் காலத்தில் பீப்பாய் வந்தது, பிறகு ரயிலில் தொட்டி வண்டி வந்தது, அப்புறம் டேங்கர் லாரி. யுத்தத்தில் எல்லாம் எரிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் வந்த பிறகு அதன் மணிகளை ஏற்றுவதற்கென்றே நிமிர்த்திக் கொட்டும் வண்டிகள் வாங்கினார்கள். நான் சேர்ந்த புதிதில் அந்த மணி கொட்டுவதைப் பார்த்தபோது எனக்குக் களத்தில் நெல் தூற்றும் ஞாபகம்தான் வந்தது. ஒரு வித்தியாசம், இதில் தூசி கிடையாது, அரிப்பும் கிடையாது. இப்போது ஏழெட்டு நாடுகளில் கிளை இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் திரையில் பார்க்கிறார்கள்.

"எல்லாம் சரியா வருது அப்பா. நடுவுல மட்டும் ஒரு ஓட்டை" என்றாள் கயல்விழி. ஐம்பதாவது ஆண்டில் கம்பெனி போட்ட சின்னப் புத்தகத்தில் யுத்த வருஷங்களுக்கு ஒரே ஒரு வரிதானாம். கஷ்ட காலம், ஆள் பற்றாக்குறை, ஆனாலும் வண்டிகள் நிற்காமல் ஓடின என்று அர்த்தம் வருகிற மாதிரி.

"ஆளே இல்லைன்னா, அப்ப டேங்கை யாரு கழுவினாங்க?"

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சரோஜா என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

3

யார் கழுவினார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் சேர்ந்தபோது கழுவுமிடத்துக்குப் பின்னால் செங்கல் கொட்டகை ஒன்று பூட்டிக் கிடந்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஹெல்முட் என்ற பெரியவர் ஒருநாள் அதைத் திறந்து காட்டினார். யுத்த காலத்தில் கிழக்கே இருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்களாம். குழாய்த்தலை எல்லாம் அப்போது ஏது? சுரண்டுகிற கரண்டியையும் துடைப்பத்தையும் கொடுத்து ஆட்களையே தொட்டிக்குள் இறக்கியிருக்கிறார்கள். மூடி வழியாகத் தானாக ஏறி வந்தவர்களும் உண்டு, தூக்கி எடுக்கப்பட்டவர்களும் உண்டு என்றார் ஹெல்முட். அவர் அந்த வருஷங்களில்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். கண்ணால் பார்த்தவர்.

உள்சுவரில் ஆணியால் கீறிய பெயர்கள் இருந்தன. எனக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் பெயர் என்பது தெரிந்தது. விரல் விட்டு எண்ணினேன், பதினேழு. மூன்றாம் வருஷம் புதிய கழுவுபாதை போடக் கொட்டகையை இடித்தார்கள். செங்கல்லைத் தள்ளுவண்டியில் அள்ளிக் கொட்டியவர்களில் நானும் ஒருவன். ஹெல்முட் இறந்து ரொம்ப நாளாகிறது. அந்தச் சுவரைப் பார்த்தவர்களில் இன்னும் கம்பெனியில் இருப்பது நான் மட்டும்தான்.

கயல்விழி நகரத்துப் பழைய ஆவணங்களைத் துழாவி, 'கழுவுமிடத்துக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் இருக்கும் அந்நியர்கள்' பற்றி ஒரு கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அதை இளைய முதலாளியிடம் கொண்டுபோனாள். இவர் ஆரம்பித்தவரின் கொள்ளுப்பேரன். கெட்ட மனுஷர் இல்லை. "ஒரு கடிதத்தை வைத்து என் குடும்பத்தின் மேல் நான் எழுத முடியாது. பார்த்தவர் யாராவது பெயர் போட்டு எழுதிக் கொடுக்கட்டும், அச்சடிக்கிறேன். கேள்விப்பட்டதை அச்சடிக்கமாட்டேன்" என்றிருக்கிறார். அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தக் கொட்டகை இருந்தப்ப நீங்க அங்க வேலை பாத்தீங்க இல்லையா?"

"பாத்தேன்."

"உள்ள போயிருக்கீங்களா?"

"பூட்டி இருந்துச்சும்மா."

"எதுவும் பாக்கலையா? யாரும் எதுவும் சொல்லலையா?"

"நான் ஒண்ணும் பாக்கல" என்றேன்.

பிறகு, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஒவ்வொருவரும் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும், என் பக்கம் இன்னும் வரவில்லை என்று நினைவூட்டினாள். தமிழில் எழுதி வைத்தால் அவள் வந்து ஜெர்மனில் ஆக்கிக்கொள்வதாகச் சொன்னாள். சாப்பிடாமல் கிளம்பிப் போனாள்.

கதவு சாத்தியதும் சரோஜா வந்தாள்.

"செவுத்துல பேரு கீறியிருந்துச்சுன்னு எங்கிட்ட சொன்னீங்களே. அது எந்த செவுரு?"

"சும்மா இரு சரோஜா. எழுதிக் கையெழுத்து வேற போடணுமாம். எதுக்கு நமக்கு ஊர்வம்பு?"

"பெத்த பொண்ணு கேட்டா ஊர்வம்பா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

4

எழுதிக் கொடுப்பதென்றால் எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சரோஜாவுக்குத் தெரியாது. இந்த நாட்டு ஆபீஸ்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கப்பலில் தொட்டி கழுவும் ஆளாக எட்டு வருஷம் சுற்றிவிட்டு, நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்து, அப்படியே கரையில் தங்கியவன் நான். எப்படித் தங்கினேன் என்பதை விவரமாக எழுதினால் இப்போதும் யாராவது ஃபைலைத் தேடி எடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் தெருவில் யாருக்கு அது இருந்தது? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட தேதிதான் என்றேன். 'உத்தேசமாக ஒரு மனிதர் எப்படிப் பிறக்க முடியும்?' என்று ஆபீஸில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினாள். ஒரு தேதிக்காகப் பதினோரு தடவை போனேன். எழுதிக் கொடுத்த எதுவும் இங்கே சாகாது என்பதை அப்போது கற்றுக்கொண்டேன்.

ஆனால் என் பயம் அதற்கும் பழையது. கீழ்வேளூரில் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை முருகையன் போன் செய்தான். என் சித்தப்பா மாரிமுத்துவின் மகன். எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை, அவன்தான் தம்பி.

"அண்ணே, அண்ணி சொன்னாங்க. தை மாசம் திருக்கடையூர் வர்றீங்களாம்ல? இப்பவே சொல்லிப்புட்டேன், கலசத் தண்ணி ஊத்தறப்ப நான்தான் முன்னாடி நிப்பேன். அப்பா இருந்தா அப்பா நின்னிருப்பாரு."

"பாப்போம்டா. லீவு கெடைக்கணும்."

"என்ன லீவு பெரிய லீவு. ஒங்களப் பத்தி அப்பா எவ்வளவு பெருமையா பேசுவாரு தெரியுமா? ஒண்ணு சொல்லவா? நீங்க கப்பலுக்குப் போனப்பறம் அப்பா முதியோர் பள்ளிக்கூடத்துல சேந்து எழுத்து கத்துக்கிட்டாரு. ஒங்களுக்குத் தெரியாதுல்ல? அந்த வயசுல சிலேட்டத் தூக்கிக்கிட்டு போவாரு. தெருவே சிரிக்கும். யாரு எந்தப் பேப்பர நீட்டுனாலும், இரு, நானே படிச்சுப் பாத்துட்டு எழுதுறேன்பாரு. அது என்ன பிடிவாதமோ, எனக்கு இன்னைக்கும் வெளங்கல."

எனக்கு விளங்கியது. போனை வைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றேன்.

5

ஆட்சி மாறிக் கழகம் வந்த புதிது. ஊருக்கு ஊர் சிவப்புக் கொடியும், அதற்கு எதிரே மிராசுதாரர்களின் ஆட்களும். கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டதற்கு எங்கள் பக்கத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். அந்தச் சமயத்தில்தான் குத்தகைக்கு யார் யார் சாகுபடி செய்கிறார்கள் என்று பதிவு செய்ய அதிகாரிகள் வந்தார்கள். பதிவில் பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அதனால் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் பண்ணைகளின் வேலையாக இருந்தது.

சித்தப்பா ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், எங்கள் ஊர்ப் பண்ணையாரிடம் குத்தகைக்கு எடுத்துப் பதினாலு வருஷமாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். குத்தகை நெல்லை ஒவ்வொரு போகமும் களத்திலேயே அளந்துவிடுவார். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தது கிடையாது. என் அப்பா செத்த பிறகு அந்த ஆறு மாவில் விளைந்ததைத் தின்றுதான் நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தேன். எங்கள் தெருவில் அதில் தேறிய முதல் ஆள். அதனால் தெருவுக்கே மனு எழுதுகிறவனும் நான்தான். எழுதி, வாசித்துக் காட்டி, மைப்பெட்டியில் பெருவிரலைப் பிடித்து அழுத்திக் கைநாட்டு வாங்குவேன். வாசித்துக் காட்டாமல் யாரும் கை வைக்கமாட்டார்கள். வாசிக்கிறவனைத்தான் நம்பினார்கள், தாளை அல்ல.

பண்ணையார் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அந்த வீட்டில் முதல் தடவையாக என்னைப் பெஞ்சியில் உட்காரச் சொன்னார். அந்தப் பெஞ்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. உட்கார்ந்தேனே, சந்தோஷமாக உட்கார்ந்தேனே!

"மத்தவன்லாம் எழுதிக் குடுத்துட்டான். ஒன் சித்தப்பன் ஒருத்தன்தான் சங்கத்துக்காரன் பேச்சக் கேட்டு முறுக்கிக்கிட்டு நிக்கிறான். நீ எழுதிட்டுப் போனா கை வப்பான். மெட்ராஸ்ல என் மச்சான் கப்பல் கம்பெனியில இருக்கான். லெட்டர் எழுதி வச்சிருக்கேன். இந்த சேத்துல கெடந்து நீ என்னடா பண்ணப் போற?"

எழுதினேன். மேற்படி நிலத்தில் நான் கூலிக்கு மட்டுமே வேலை செய்தேன், எனக்கு எந்தப் பாத்தியமும் கிடையாது என்று சித்தப்பா சொல்வதாக, என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு குறுவை நாற்றங்காலுக்குப் போனேன். சித்தப்பா வரப்பில் ஏறி வந்து, துண்டில் கையைத் துடைத்தார்.

"சேறு போகலையேடா, மை ஒட்டுமா? சரி, வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். மேற்படி நிலத்தைப் பதினாலு வருஷமாக நானே குத்தகைக்குச் சாகுபடி செய்துவருகிறேன், என் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று, தாளில் இல்லாததை, ஒரு தடுமாற்றம் இல்லாமல் வாசித்தேன். அவர் கைகட்டிக்கொண்டு கேட்டார். கடைசி வரி மட்டும் தாளில் இருந்ததும் நான் வாசித்ததும் ஒன்று. 'வாசிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டேன்.' விரலை நீட்டினார்.

ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில் விசாரணை. அதிகாரி அந்தத் தாளை எடுத்து உரக்கப் படித்தார். சங்கத்து ஆட்கள் நாலு பேர் எழுந்துவிட்டார்கள். "எவன் எழுதினது? சொல்லுய்யா மாரிமுத்து, எவன் வாசிச்சுக் காட்டுனது?" நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பெயரைச் சொல்லியிருந்தால் என்னை அங்கேயே பிய்த்திருப்பார்கள். பிய்த்திருக்கவும் வேண்டும்.

"புள்ள சரியாத்தாங்க வாசிச்சான். எனக்குத்தான் காதுல சரியா விழல" என்றார் சித்தப்பா.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தத்தைத் தெருவில் இருந்தே சொல்லுகிறவர்.

குறுவை அறுத்ததும் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். தையில் தாளடியை அதே ஆறு மாவில் கூலிக்கு அறுத்தார், நான் பார்த்தேன். மாசியில் எனக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. கீழ்வேளூர் ஸ்டேஷனுக்கு என்னை ரயிலேற்ற அவரும் வந்தார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "கடல் தண்ணி ஒடம்புக்கு ஒத்துக்காதும்பாங்க, பாத்து இரு" என்றார். நான் கப்பலில் இருந்த நாலாவது வருஷம் செத்துப்போனார். எனக்குக் கடிதம் கிடைத்தபோது கருமாதி எல்லாம் முடிந்திருந்தது.

நாற்பது வருஷமாக நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். டேங்கரில் மற்ற இடமெல்லாம் சுத்தமாகிவிடும். அடிக்குழாயில் வால்வுக்கு நடுவே ஒரு ரப்பர் வளையம் உண்டு, அது மட்டும் பழைய நாற்றத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். மனுஷனுக்குப் புதிது எங்கே கிடைக்கும்?

6

கடைசிச் சனிக்கிழமை கயல்விழி வந்தாள். கம்பெனி கொடுத்த ஃபாரத்தை மேஜையில் வைத்தாள். மேலே எழுதுவதற்கு இடம், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அவளுடைய ஓட்டைக்கு ஆள் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது, அந்தப் பழைய ஒற்றை வரியோடுதான் போகும் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்க பக்கத்தையாவது முடிச்சுடலாம். எழுதிட்டீங்களா?"

எழுதியிருந்தேன். தாளைக் கையில் எடுத்தேன். அவள் பேனாவைத் திறந்தாள். நான் வாசிக்க வாசிக்க அவள் ஜெர்மனில் எழுத வேண்டும். என் கையில் இருக்கும் தாளில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இந்த இடத்தில் நான் முன்பே ஒரு தடவை நின்றிருக்கிறேன் என்று.

"விவசாயக் குடும்பத்தில் பிறந்தேன்" என்று முதல் வரியை வாசித்தேன். தாளில் அதற்கடுத்து, கடலுக்கு வந்தேன், கம்பெனி எனக்கு இன்னொரு குடும்பம், முதலாளிகளுக்கு நன்றி என்று இருந்தது. வாய் வரவில்லை. தண்ணீர் குடித்தேன்.

"எங்கள் சித்தப்பா ஆறு மா நிலத்தைப் பதினாலு வருஷம் குத்தகைக்கு உழுதார். அவர் அதில் வெறும் கூலியாள் என்று நான் எழுதினேன்" என்றேன்.

அவள் எழுதினாள். நான் நிறுத்தவில்லை. பெஞ்சி, நாற்றங்கால், சேற்றுக் கை, விசாரணை, காதில் விழவில்லை என்று அவர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். பண்ணையாரின் கடிதத்தால்தான் கப்பலுக்கு வந்தேன், கப்பலில் கற்ற வேலையால்தான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன் என்றேன். பிறகு கொட்டகைக்கு வந்தேன். ஹெல்முட் சொன்னது, ஆணியால் கீறிய பதினேழு பெயர், அந்தச் செங்கல்லை நானே அள்ளிக் கொட்டியது. அவர்கள் இங்கே இருந்தார்கள், இந்தக் கம்பெனியின் டேங்குகளை அவர்கள்தான் கழுவினார்கள், நான் அந்தப் பெயர்களைப் பார்த்தேன் என்றேன்.

கயல்விழி பேனாவை வைத்துவிட்டாள்.

"நீங்க பேப்பரைப் பாக்கவே இல்லையே அப்பா."

"இதுல இது இல்லம்மா."

அடுப்படி வாசலில் சரோஜா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கரண்டி கையில் இருந்தது, கண்ணில் தண்ணீர். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது.

"முருகையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"போன்ல சொல்லாதீங்க. தையில நேர்ல போய்ச் சொல்லுங்க. அதுக்கப்பறம் அவன் கலசத் தண்ணி ஊத்துறதா வேணாமான்னு அவன் முடிவு பண்ணட்டும்."

"சரி" என்றேன். வேறென்ன சொல்வது? அவன் ஊற்றமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஊற்றாமல் போனாலும் போகத்தான் வேண்டும்.

"என்கிட்ட ஏன் பாக்கலைன்னு சொன்னீங்க?" என்றாள் கயல்விழி.

"பயம்மா. வேற ஒண்ணும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. "சின்னத் தாத்தா பேரு என்ன? ஜெர்மன் எழுத்துல எப்படி எழுதணும்னு சொல்லுங்க" என்றாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ஜெர்மன் கம்பெனியின் நூறாண்டுப் புத்தகத்தில் என் சித்தப்பா மாரிமுத்துவுக்கு என்ன வேலை என்று இளைய முதலாளி கேட்கலாம். கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாகக் கயல்விழி சொன்னாள்.

பிறகு அவள் எழுதியதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். அங்கங்கே தடுமாறினாள், 'வரப்பு' என்பதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். ஆனால் ஒரு வரியையும் விடவில்லை, ஒரு வரியையும் கூட்டவில்லை. பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. தமிழில் ஒரு வரி எழுதினேன்.

"இது என்னப்பா?" என்றாள்.

"வாசிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டேன்" என்று வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை, எழுதியிருந்ததைத்தான் வாசித்தேன்.